மரியபுஷ்பத்தின் கருத்து

ஈர மணலில் இரண்டு பைகள். ஒன்று நீலம், ஒன்று செங்கல் நிறம். அவற்றுக்கு அப்பால் கடல். கடலுக்கு மேல் ஐப்பசி மாதத்தின் கறுத்த வானம்.

மேகம் கொஞ்சம் விலகியது. வெயில் ஒரு கோடாக வந்து பைகள் மேல் விழுந்தது. உடனே போய்விட்டது. மறுபடியும் மழைக்கான இருட்டு.

பைகளுக்குப் பக்கத்தில் ஒரு பெண், ஒரு ஆண். ஊர் சுற்ற வந்த ஜோடி என்று பார்க்கிற யாரும் சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பைகளே.

அவன் தணிகைவேல். திருத்தணிப் பக்கத்துக்காரன். சென்னையில் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். அவள் ஜெசிந்தா. தூத்துக்குடிக்குத் தெற்கே புன்னைத்துறை என்றொரு கடலோர ஊர். சென்னையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ்.

மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோன ஒரு நாள். உள்ளே அவள். வெளியே அவன். "பயப்படாதீங்க மேடம்" என்று அவன் கத்தினான். "நீங்க பயப்படாம வேலையப் பாருங்க" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அன்றைக்குத் தொடங்கிய வினை இது.

அவன் முருகனைக் கும்பிடுகிற வீட்டுப் பையன். அவள் மாதாவைக் கும்பிடுகிற வீட்டுப் பெண். நீ மாறு என்று அவனும் சொல்லவில்லை, நீ மாறு என்று அவளும் சொல்லவில்லை. யாராவது ஒருவர் மாறியிருந்தால் கல்யாணம் எப்போதோ முடிந்திருக்கும்.

மாறாதவர்களுக்குச் சட்டம் வேறொரு வழி வைத்திருக்கிறது. பதிவு அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். இருவர் பெயரும் விலாசமும் அங்கே அறிவிப்புப் பலகையில் ஒரு மாதம் தொங்கும். ஆட்சேபம் இருப்பவர்கள் வந்து சொல்லலாம். அந்த மாதம் முடிந்த பிறகுதான் கையெழுத்து.

சென்னையில் ஒரு சுவரில் அவர்கள் பெயர் தொங்குகிறது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் படிக்கலாம்.

படித்தார்கள். எந்தப் புண்ணியவானோ அதைப் போனில் படம் பிடித்து அனுப்ப, அந்த வாரமே அது புன்னைத்துறைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஜெசிந்தாவுக்கு இரண்டு அண்ணன்கள். ரூபன், ஜெரால்டு. சொந்தமாகப் படகு வைத்திருப்பவர்கள். அப்பா கடலில் இறந்த பிறகு தங்கச்சியைத் தூக்கி வளர்த்தவர்கள். அவள் நர்ஸ் படிப்புக்குப் படகின் எஞ்சினையே விற்றவர்கள். அத்தனை பாசமும் ஒரே நாளில் கோபமாகத் திரும்பிக்கொண்டது. பாசம் அப்படித் திரும்பினால் அதைத் தடுக்க ஆள் கிடையாது.

தணிகையின் அறைக் கதவை உடைத்தார்கள். வாசலில் நின்ற பைக்கைக் கொளுத்தினார்கள். அவன் வேலைக்குப் போயிருந்ததால் தப்பித்தான். அவள் விடுதி வாசலில் நின்று, "கை கால் இல்லாதவனக் கெட்டிக்கிடுவியான்னு பாக்கோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சும்மா சொல்லவில்லை. ரூபன் சும்மா எதையும் சொல்லுகிறவன் இல்லை என்பது ஜெசிந்தாவுக்குத் தெரியும்.

அவளோடு வேலை பார்க்கும் வசுமதி மலையேறுகிற பைத்தியம். அந்தப் பைகள் அவளுடையவை. இருவர் முதுகிலும் அவள்தான் மாட்டிவிட்டாள்.

"சொந்தக்காரங்க வீடு வேணாம். ஃப்ரெண்ட்ஸ் வீடும் வேணாம். கோயில், சர்ச் ரெண்டு பக்கமும் தலை வெச்சுப் படுக்காதீங்க, ஓடிப்போனவங்களை மொதல்ல அங்கதான் தேடுவாங்க. இந்தப் பையை மாட்டிட்டா எங்க போறீங்கன்னு கேப்பாங்க. ஏன் போறீங்கன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

அப்படித்தான் கிளம்பினார்கள். அறிவிப்பு மாதத்தில் மிச்சமிருந்த நாட்கள். கடலை ஒட்டியே தெற்கே போய், அந்த மாதம் முடியும்போது சென்னைக்குத் திரும்பிவிட வேண்டும். தேடுகிறவர்கள் தெற்கிலிருந்து வந்து சென்னையைச் சல்லடை போட்டுச் சலிக்கட்டும்.

மாமல்லபுரம். கல்லின் மேல் உளி விழுகிற சத்தம். மழை வந்தால் நிற்கும். மழை விட்டால் தொடங்கும்.

ஊர் சுற்றுவது எப்படி என்று இருவருக்கும் தெரியாது. வேலைக்காகப் போயிருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள், சாவுக்குப் போயிருக்கிறார்கள். பார்ப்பதற்காக மட்டும் ஓர் ஊருக்குப் போனது கிடையாது.

ஆகவே ஒரு வெள்ளைக்கார ஜோடியைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் ஒரு பாறை முன்னால் வெகுநேரம் நின்றார்கள். இவர்களும் நின்றார்கள். அவர்கள் தலையைச் சாய்த்தார்கள். இவர்களும் சாய்த்தார்கள். தணிகைக்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

கடற்கரைக் கோயில். உப்புக் காற்று தின்று தின்று முகமெல்லாம் மழுங்கிப்போன சிலைகள். ஜெசிந்தா செருப்பைக் கழற்றினாள். "பூஜை இல்லாத கோயில்மா, செருப்போடயே போகலாம்" என்றார் காவலாளி. "இருக்கட்டும்ணே" என்று வெறுங்காலோடு ஈரக்கல்லில் நடந்தாள்.

என் சாமிக்கு இவள் செருப்பைக் கழற்றுகிறாள் என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்தது. சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரன் கட்டி, பிறகு இடிந்த கோட்டை. உள்ளே புல். புல்லில் ஆடுகள். கல்லறைகள் மேல் கப்பலும் மண்டையோடும் செதுக்கியிருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. இடிந்த கூரையின் மிச்சத்துக்குக் கீழே ஒதுங்கினார்கள். பையில் தலை வைத்து அவள் தூங்கிப்போனாள். விடுதி வாசலில் அண்ணன்கள் வந்து நின்ற நாளுக்குப் பிறகு அவள் நன்றாகத் தூங்குவதை அவன் அப்போதுதான் பார்த்தான். மழை நின்ற பிறகும் எழுப்பவில்லை.

சென்னையில் ஒரு சுவரில் அவர்கள் பெயர் தொங்குகிறது. இங்கே அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது.

புதுச்சேரி. மஞ்சள் சுவர்கள். சுவர் தாண்டி வழிகிற காகிதப்பூ. தெருப் பலகைகளில் வாயில் நுழையாத பிரெஞ்சுப் பெயர்கள். அவள் ஒவ்வொன்றையும் தன் இஷ்டத்துக்கு வாசித்தாள், அவன் சிரித்தான்.

தங்கும் விடுதியில் ஓர் அம்மாள் இருவர் ஆதார் அட்டையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஹஸ்பண்ட் ஒய்ஃபா?" "ஆமா" என்றாள் ஜெசிந்தா. அறைக்கு வந்ததும் அழுதாள். பொய் சொன்னதற்கு அழுகிறாளா, அது இன்னும் பொய்யாகவே இருப்பதற்கு அழுகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

கட்டிலில் அவள். தரையில் போர்வை விரித்து அவன். கையெழுத்து ஆகட்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். சரி என்று அவன் சொல்லியிருந்தான். அவ்வளவுதான் அந்த விஷயம்.

அந்த ஊரில் மாதா கோயில் மணி அடிக்கும்போதெல்லாம் அவள் நடை நின்றுவிடும். வசுமதியின் சொல் நினைவுக்கு வரும். தெருவின் மறுபக்கம் மாறி நடப்பாள்.

மழை. வெயில். மறுபடி மழை.

அவளுக்கு ஒரே ஒரு கவலை. அதை ஒளிக்கவும் தெரியாது. அம்மாவின் கால்.

அம்மா மரியபுஷ்பத்துக்குச் சர்க்கரை நோய். இடது காலில் ஒரு புண், ஆறமாட்டேன் என்று அடம்பிடிக்கிற புண். தினமும் சாயந்திரம் வீடியோ கால் போட்டு, "கட்டப் பிரிங்கம்மா, போன கிட்டக் காட்டுங்க, சீழ் இருக்கா" என்று கேட்டுக் கேட்டு மருந்து வைக்கச் சொன்னவள் ஜெசிந்தா. இப்போது போனில் சிம் கிடையாது. கழற்றியாகிவிட்டது.

"ஆறலன்னா விரல எடுக்கச் சொல்லுவாங்க" என்று ஒரு நாள் இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னாள். பிட்ட இட்லி கையிலேயே இருந்தது. அவன் என்ன சொல்ல? அந்தக் கையாலாகாத்தனம் அவனை அறுத்தது.

தரங்கம்பாடி. டென்மார்க்குக்காரன் கட்டிய கோட்டை, மஞ்சளாக, கடலைப் பார்த்தபடி. அன்றைக்கு மழை இல்லை. கடல் முழுக்க வெளிச்சம்.

மதில் மேல் உட்கார்ந்திருந்தார்கள். யாரையும் பார்த்து நடிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கடலைப் பார்த்தார்கள், கடல் தெரிந்தது. சுவரைப் பார்த்தார்கள், சுவர் தெரிந்தது. "நெசமாவே டூர் வந்தாப்ல இருக்குல்ல" என்றான். அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

சந்தோஷமாக இருந்தார்கள். சொல்லத்தான் வேண்டும். தலைக்கு மேல் கத்தி தொங்கும்போதும் மனிதர்கள் சந்தோஷமாக இருப்பார்கள், வேறு என்ன செய்வார்கள்?

அடுத்த ஊரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நாளைக்கே நாலு பேர் கிளம்பிப் போய் விசாரிப்பீர்கள். ஒரு சிறிய கடலோர ஊர். எப்போதோ கப்பலில் வந்தவர்கள் கட்டிய பழைய மாதா கோயில் ஒன்று அங்கே இருக்கிறது. அது போதும்.

அந்த மாதாதான் மரியபுஷ்பத்தின் மாதா. ஜெசிந்தாவுக்கு மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் வந்தபோது நேர்ந்துகொண்டு, பிழைத்ததும் இங்கே கூட்டிவந்து மொட்டை போட்டவள். புன்னைத்துறையில் பாதிப் பேருக்கு இங்கேதான் நேர்ச்சை.

"ஒரே ஒரு பூச. பின்னால நின்னு பாத்துட்டு வந்திருதேன்" என்றாள். வசுமதி சொன்னது இருவருக்கும் நினைவிருந்தது. அவள் முகத்தைப் பார்த்தான். சரி என்றான்.

அது முதல் தப்பு. அதை மன்னித்துவிடலாம். இரண்டாவது தப்பு அவன் மட்டும் செய்தது.

சாயந்திரம். அவள் அறையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். டீ வாங்கி வருகிறேன் என்று கிளம்பியவன் நேரே கோயிலுக்குப் போனான். கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை வாசலில் ஈரத்தைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஒருத்தங்க பேருக்கு வேண்டிக்கணும். இங்க எப்படிங்க குடுக்கிறது?"

"பூசைக்கா தம்பி? நாளைக்குக் காலையில ஆறு மணிப் பூசையில சேத்துடலாம். யாருக்கு, என்ன வேண்டுதல், நாங்க கருத்துன்னு சொல்லுவோம், குடுக்கிறது யாரு, எந்த ஊரு? சொல்லுங்க."

தணிகைக்குத் தெரிந்தது அர்ச்சனை. அங்கேயும் இதைத்தான் கேட்பார்கள். யார் பேருக்கு, என்ன ராசி, என்ன நட்சத்திரம். சொன்னால் குருக்கள் உள்ளே போய் மந்திரத்தோடு மந்திரமாக முணுமுணுப்பார். காசு கொடுத்தவனுக்கே தன் பெயர் காதில் விழாது. கேட்பது சாமி மட்டும்தான்.

ஆகவே சொன்னான். நிறுத்தி நிதானமாகச் சொன்னான். புன்னைத்துறை மரியபுஷ்பம். கால் புண் ஆற. கொடுப்பது மகள் ஜெசிந்தா.

திரும்பி வரும்போது அவனுக்கு நடையே வேறு மாதிரி இருந்தது. அவளுக்காக ஏதோ ஒன்று செய்துவிட்டான், பாவம். டீயை மறந்துவிட்டு வந்து அதற்கும் திட்டு வாங்கினான்.

மறுநாள் காலை. தூறல். கோயிலுக்குள் சாம்பிராணி வாசனையும் நனைந்த முடியின் வாசனையும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவள் முக்காடு போட்டிருந்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முகம் தெளிந்திருந்தது. அவன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

பூசை தொடங்கும் முன் சாமியார் மைக் முன்னால் வந்தார். "இன்றைய திருப்பலிக் கருத்துகள்" என்றார். வாசித்தார். ஒலிபெருக்கி தெருவுக்குக் கொண்டுபோனது. பரீட்சை எழுதும் மாணவி. புதுப் படகு. இறந்துபோன ஒருவரின் ஆன்மா.

"புன்னைத்துறையைச் சேர்ந்த மரியபுஷ்பம் அவர்களின் கால் புண் குணமாக வேண்டி, மகள் ஜெசிந்தா."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் உட்கார்ந்தாள். அவன் பக்கம் திரும்பினாள். அவன் முகத்திலேயே எல்லாம் எழுதியிருந்தது.

பிறகுதான் அவன் அதையும் பார்த்தான். தூணுக்குப் பக்கத்தில் மூன்று கால் வைத்த தாங்கி. அதன் மேல் ஒரு போன். பூசை நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது.

வெளியே, நனைந்த கொடிமரத்துக்குக் கீழே அவள் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"யாரு ஒன்னச் சொல்லச் சொன்னா?"

"அர்ச்சனை மாதிரின்னு நெனச்சேன் ஜெசி. சாமிக்கு மட்டும் சொல்லுவாங்கன்னு."

அவள் வாய் கோணியது. சிரிப்பு வந்தது, சிரிக்கக்கூடாத நேரத்துச் சிரிப்பு. அது அப்படியே அழுகையாகப் போனது. "ஊருக்கே சொல்லிட்டியே பாவி. எங்கம்மா தெனமும் காலையில மொளகாப்பொடி டப்பாவுல போனச் சாச்சு வச்சு இந்தப் பூசையத்தான் பாப்பா. எங்கம்மா மட்டுமில்ல, எங்க தெருவே பாக்கும்."

இத்தனை நாள் ஒளிந்தது, இடிந்த கோட்டைகளில் மழைக்கு ஒதுங்கியது, பொய் சொன்னது, தரையில் படுத்தது. எல்லாவற்றையும் மைக் வைத்து ஊரைக் கூட்டிச் சொல்லியாகிவிட்டது. சொன்னது அவனேதான்.

"பஸ் இருக்கும். இப்பவே போய்டலாம். கெளம்பு."

"நான் வரல."

தன் காதில் சரியாக விழவில்லையோ என்று நினைத்தான்.

"அண்ணன்மாரு கடலுக்குப் போயிருப்பாவ. கரைக்கு வர சாயந்திரம் ஆவும். அதுக்கப்புறந்தான் தெருவுல சொல்லுவாவ. அம்மா எம்பேரக் கேட்டிருப்பா தணிகை. கேட்டுட்டு அவளால சும்மா இருக்க முடியாது, இதே மாதிரி பூசையில பதில் சொல்லி அனுப்புவா. நாளைக்குப் பூச பாத்துட்டு வாரேன்."

"அவங்களாலயும் சும்மா இருக்க முடியாது."

"தெரியும்" என்றாள்.

தூக்கிக்கொண்டா போக முடியும்? அவனுக்குக் கோபம் வந்தது. கோபப்பட அவனுக்கு ஏது யோக்கியதை? அவள் அம்மாவின் பெயரையும் அவள் பெயரையும் ஒன்றாகச் சேர்த்து உலகத்துக்கே சொல்லிவிட்டு, இப்போது வா போகலாம் என்றால் எப்படி வருவாள்?

அன்று பகல் முழுக்க மழை. அவன் ஜன்னலில் நின்றான். தெருவில் ஒரு கார் வந்தால் உள்ளங்கை வேர்க்கும். போனால் காயும். மறுபடி ஒரு கார்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினாள். பிரெட்டும் வாழைப்பழமும் தின்றார்கள். ஒரு தடவை அவள் எழுந்து வந்து பின்னாலிருந்து அவனைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு போய் உட்கார்ந்துகொண்டாள்.

சென்னையில் ஒரு சுவரில் அவர்கள் பெயர் தொங்குகிறது. அந்த மாதத்தில் இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் பாக்கி இருக்கிறது.

இரவு போனது. எப்படிப் போனது என்று கேட்காதீர்கள்.

காலை. மழை விட்டிருந்தது. கோயில் ஜன்னலின் வண்ணக் கண்ணாடி வழியாக வெளிச்சம் சிவப்பும் நீலமுமாக உள்ளே விழுந்தது. பைகளை முதுகில் மாட்டியபடியே வந்தார்கள். பக்கவாட்டுக் கதவை ஒட்டிய பெஞ்சு. எழுந்தால் இரண்டே எட்டில் வெளியே.

சாமியார் மைக் முன்னால் வந்தார். வாசித்தார். ஒரு கல்யாண நாள். ஓர் அறுவை சிகிச்சை. வெளிநாட்டில் வேலை கேட்கும் ஒரு பையன். ஒவ்வொரு பெயருக்கும் தணிகையின் நெஞ்சு ஏறி இறங்கியது. இன்னொரு ஆன்மா. ஒரு புதுவீடு. அவ்வளவுதான் என்று தோன்றியது.

"புன்னைத்துறை மரியபுஷ்பம் கொடுக்கும் கருத்துகள்."

ஜெசிந்தாவின் விரல்கள் அவன் மணிக்கட்டை இறுக்கின.

"தம் கால் புண் ஆறி வருவதற்காக மாதாவுக்கு நன்றியாக."

அவள் கண்ணை மூடினாள். நீர் வழிந்தது. துடைக்கவில்லை.

"இன்று விடியற்காலை காரில் புறப்பட்டு, நமது ஆலயத்தை நோக்கி வந்துகொண்டிருக்கும் தம் மகன்கள் ரூபன், ஜெரால்டு இருவரும் சுகமாக வந்து சேர."

கோயிலில் இருந்த மற்றவர்களுக்கு அது ஒரு சாதாரண வேண்டுதல். மகன்கள் பயணம் வருகிறார்கள், தாய் வேண்டுகிறாள். இருவருக்கு மட்டும் அது எச்சரிக்கை. வருகிறார்கள். கிளம்பிவிட்டார்கள். இன்னும் சில மணி நேரம்தான். போய்விடு மகளே.

எழப்போனார்கள். சாமியார் தாளைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"மேலும், தம் மகள் ஜெசிந்தாவும் மருமகன் தணிகைவேலும் எங்கிருந்தாலும் நல்லபடியாக வாழ."

மருமகன்.

அவன் பாதி எழுந்த நிலையிலேயே நின்றான். அந்தப் பெண்மணி அவனைப் பார்த்தது இல்லை. அவன் குரலைக் கேட்டது இல்லை. அவன் பெயர் அவளுக்குத் தெரிந்தது அந்தச் சுவரில் தொங்கும் அறிவிப்பிலிருந்துதான். கதவை உடைக்கவும் பைக்கைக் கொளுத்தவும் பயன்பட்ட அதே பெயரை எடுத்து, அதற்கு முன்னால் ஒரு சொல்லை வைத்து, அவள் மாதா முன்னால் சொல்லச் சொல்லிவிட்டாள்.

தெருவே பார்க்கும் என்று தெரிந்துதான் சொன்னாள். மகன்கள் திரும்பி வருவார்கள், அவர்கள் காதுக்கும் போகும் என்று தெரிந்துதான் சொன்னாள். அந்த வேண்டுதலில் ஒரு பொய்கூட இல்லை. மகன்கள் பத்திரமாகப் போக வேண்டும். மகள் பத்திரமாகத் தப்ப வேண்டும். இரண்டையும் ஒரே வாயால் கேட்டாள், பெற்றவள் அல்லவா?

ஜெசிந்தா அவன் பையைப் பிடித்து இழுத்தாள். பக்கவாட்டுக் கதவருகே கோயில்பிள்ளை நின்றிருந்தார். இருவரையும் பார்த்தார். முதுகுப் பைகளைப் பார்த்தார். கதவை ஓசையில்லாமல் திறந்துவிட்டார்.

"அஞ்சு மணிக்கெல்லாம் அந்தம்மா போன் பண்ணிட்டாங்க" என்றார் மெதுவாக. "எழுதினத மூணு வாட்டி திருப்பி வாசிக்கச் சொன்னாங்க. ஒரு வார்த்த விட்டுடாதீங்கன்னு சொல்லிட்டே இருந்தாங்க. மருமகன்ங்கிறத சாமி சத்தமா வாசிப்பாரான்னு கேட்டாங்க." தெருவை எட்டிப் பார்த்தார். "வடக்க போற பஸ் இப்ப வரும், போங்க."

ஓடினார்கள். தேங்கிய தண்ணீரில் கால் வைத்து ஓடினார்கள். பை முதுகில் குதித்தது. பஸ் வந்தது. ஏறினார்கள். பின்னால் கோயிலில் பாட்டுத் தொடங்கியிருந்தது.

கையெழுத்து பிறகு நடந்தது. ஆட்சேபம் என்று ஒருவரும் வரவில்லை. ஏன் வரவில்லை, மரியபுஷ்பம் அந்த வீட்டில் என்ன பட்டாள், என்ன சொல்லித் தடுத்தாள் என்பது அவளாகச் சொன்னால் உண்டு. இன்றுவரை சொல்லவில்லை. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட தேதி தணிகைக்கு அடிக்கடி மறந்துபோகும். அந்தக் காலை மட்டும் மறக்காது. அன்றைக்குத்தான் எனக்குக் கல்யாணம் என்பான்.

ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது அதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. மூச்சு வாங்கியது. கண்ணாடிக்கு வெளியே உப்பளங்கள், வெள்ளையாக, ஈரமாக. தெற்கே மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது.

"மருமகன்னுதான சொன்னாரு? நான் சரியாத்தான கேட்டேன்?"

"ஆமா."

"இன்னொரு வாட்டி சொல்லேன்."

"மருமகன் தணிகைவேல்" என்றாள். அவன் முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். பஸ்ஸில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவள் அழவில்லை. பின் கண்ணாடி வழியாகத் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தாள். "சாயந்திரம் வெறுங்கையோட வீட்டுக்குப் போவாவ. அம்மா மட்டும் தனியா இருப்பா" என்றாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

மழை கண்ணாடியில் விழத் தொடங்கியது. அவள் நெற்றியில், நெஞ்சில், இரு தோள்களில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். உதடு அசைந்தது.

"யாருக்கு?" என்றான்.

"அண்ணன்மாருக்கு. அம்மா கேட்டிருக்கால்லா, நானும் கேக்கணும்ல." கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தாள். "ரூபண்ணன் மழைன்னு பாக்க மாட்டான், வண்டிய வெரட்டுவான். மெதுவா வரணும்."

தணிகையும் கை கூப்பினான். மெதுவாக வரட்டும் என்று மனசாரக் கேட்டுக்கொண்டான்.